கிளி முழுக்கக் கருப்பு

எனக்குக் கோபம் அந்தந்த நேரத்தில் வந்து தொலையாது. வீட்டுக்கு வந்து, உலை வைத்து, கஞ்சி வடிக்கும்போதுதான் வரும். அப்போது எதிரில் இருப்பது என் வீட்டுக்காரர் மட்டும்தான். பாவம், யார் யாருக்கோ போய்ச் சேரவேண்டியதையெல்லாம் அவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார். சென்னையில் ஒரு மியூசியத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அன்றும் அவருக்கு நன்றாகக் கிடைத்தது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள் நான். ஒரு சூடு சுட்டு எடுத்த வெள்ளைப் பொம்மை என்னிடம் வரும். நான் தீட்டியதும் பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடி சூளையில் வைப்பார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுவருடம் பிரஷ்ஷைப் பிடித்தேன், இன்னும் கீழே வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பொம்மை என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது.

அதனால்தான் முதலாளி ஒரு நாள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் பரிசுப் பொருள் விற்கும் ஒரு கம்பெனி நம் நாட்டுப் பறவைகளைப் பீங்கானில் செய்து தரச் சொல்லிக் கேட்கிறதாம். ஒவ்வொன்றின் அடியிலும் தீட்டியவர் பெயர் இருக்கவேண்டுமாம்.

"ஒம்பேருதாம்மா போடப் போறோம். வேற யாரு இருக்குறா?" என்றார்.

அன்றைக்கே உடைந்த கோப்பைத் துண்டுகளில் என் பெயரைச் சின்னதாக எழுதிப் பழக ஆரம்பித்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குள் அடக்கவேண்டும். மூன்று நாளில் கைக்கு வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று துண்டுகளைக் குப்பைக் குழியில் போட்டு மூடினேன்.

கம்பெனியின் டிசைனர் ஓர் இளம்பெண். போனில் பார்க்கும் நிறத்தை நம்பமுடியாது, எல்லாப் பறவையும் ஒரே இடத்தில் இருக்கும், நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும் என்று அவள்தான் மியூசியத்துக்கு வரச் சொன்னாள். முதலாளியும் நானும் ஜங்ஷனில் காலை ரயில் ஏறிப் போனோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு புது நோட்டும் வாங்கியிருந்தேன்.

அந்தப் பகல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கூடத்தில் திமிங்கல எலும்பு தொங்கியது. எங்கள் தெருவில் பாதி நீளம் வரும். கல் வகைகள் வைத்த அறையில், பீங்கானுக்கு அரைக்க எங்கள் பட்டறை வாசலில் லாரி கொட்டிவிட்டுப் போகுமே, அதே வெள்ளைக் கல் கண்ணாடிக்குள் பெயர்ச்சீட்டோடு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தீங்களா சார், நம்ம கல்லுக்கு வந்த வாழ்வ?" என்றேன். அவரும் சிரித்தார்.

பறவைக் கூடத்துக்குப் போனதும் நான் வேறு ஆளாகிவிட்டேன். மீன்கொத்தியை அத்தனை கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளாற்றங்கரையில் பார்த்ததெல்லாம் ஒரு கோடு போலப் பறந்து போவதைத்தான். இங்கே கண்ணாடிக்குப் பின்னால், ஓடிப்போகாமல், எனக்காகவே நிறுத்தி வைத்த மாதிரி நின்றது. பழைய இறகு கொஞ்சம் வெளுத்திருக்கும் என்று தோன்றியது. வெளிச்சம் படாத இடத்தில்தான் நிஜமான நிறம் இருக்கும் என்று தரையில் குத்துக்காலிட்டு, வாலின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து எழுதினேன். பனங்காடை, மரங்கொத்தி, கிளி, மாம்பழக்குருவி என்று நோட்டு நிறைந்துகொண்டே போனது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பட்டறையில் வண்ணப் பொடிகளுக்குச் சூளைக்குப் போவதற்கு முன்னால் என்ன நிறமோ, அதுதான் பெயர். ரோஸ் என்று ஒரு பொடி, வெந்து வந்தால் நீலம். கருப்பு என்று ஒன்று, அது வெந்தால் பச்சை. செங்காவி வெந்தால் பழுப்பு. தீட்டுகிறவள் கண்ணுக்கு நீலம் தெரிந்தாலும் கை ரோஸ் டப்பாவுக்குத்தான் போகவேண்டும். வருடக்கணக்கில் இதிலேயே கிடந்து எனக்கு நினைப்பே அப்படி ஆகிவிட்டது. நீலப் புடவை கட்டிக்கொண்டு எதிரில் ஒருத்தி வந்தால் மனசு ரோஸ் என்றுதான் சொல்லும்.

சாயங்காலம் டிசைனர் பெண் நோட்டைக் கேட்டாள். பெருமையாகத்தான் கொடுத்தேன். ஒரு பக்கம் படித்தாள், அடுத்த பக்கம் புரட்டினாள், பிறகு பக்கத்தில் நின்ற தன் கம்பெனி ஆளிடம் சத்தமாகவே படித்துக் காட்டினாள்.

"கிளி முழுக்கக் கருப்பு. மீன்கொத்தி முதுகு ரோஸ், தலை செங்காவி."

இருவரும் சிரித்தார்கள். சுற்றிப் பார்க்க வந்திருந்த சிலர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, உங்களுக்குக் கண்ணு செக் பண்ணியிருக்கீங்களா? இந்தக் கிளி கருப்பாவா தெரியுது?" என்றாள். கேலியா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் இரக்கமும் இருந்தது அந்தக் குரலில். அதுதான் இன்னும் மோசம்.

"இல்லீங்க, அது வெந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"வுடும்மா" என்றார் முதலாளி. எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "நம்ம ஆளுங்க அப்பிடித்தான் மேடம். கைவேலை சுத்தமா இருக்கும், மத்தது ஒண்ணும் தெரியாது." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

அவருக்குத் தெரியாதா? எனக்கு முன்னால் அந்தப் பொடிகளைக் கலந்த கையே அவருடையதுதான். ரோஸ் டப்பாவைக் காட்டி, இது நீலம், மறந்துடாத என்று முதல் நாள் எனக்குச் சொன்னவரே அவர்தான்.

எனக்கு இன்றுவரை ஆறாதது வேறு ஒன்று. எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அங்கேயே, அந்தக் கிளிக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது. நிறத்தையெல்லாம் டிசைனரே படம் போட்டு அனுப்புவாள், அடியில் அவள் பெயர்தான் வரும் என்றார்கள். முதலாளி தலையை ஆட்டினார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரயிலில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை எடுத்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா. நம்மகிட்ட இருக்குறது ஃபாரின் கலரு, ரெடிமேடா வருதுன்னு அவங்ககிட்ட சொல்லிப்புட்டேன். நீ பொடிக்கதைய எடுத்தா ஆர்டரே போயிருக்கும். இருவது பேரு வேலை."

"சரிங்க சார்" என்றேன். இருபது பேர் என்று சொன்ன பிறகு வேறென்ன சொல்வது? அதைத் தெரிந்துதான் சொன்னார். டீயை மட்டும் குடிக்கவில்லை. ஆறிப்போனதும் ஜன்னல் வழியாகக் கொட்டினேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தபோது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கயே சொல்றதுக்கென்ன?" என்றார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

டிசைனரின் படம் வந்தது. பட்டறைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கிளியைப் பச்சை என்று போட்டிருந்தாள், அது குழந்தைக்கும் தெரியும். நான் என் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆறு பறவையைத் தீட்டினேன். சூளை திறந்தபோது கண்ணாடிக்குள் பார்த்தவை அப்படியே வெளியே வந்தன. மாதிரிக்கு அனுப்பினோம். தான் கேட்ட நிறம் அச்சு அசலாக வந்திருக்கிறது என்று அந்தப் பெண் போனில் குதித்தாளாம். முதலாளியே வந்து சொன்னார், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து.

பிறகு முழு ஆர்டரும் வந்தது. பட்டறையில் என் கையெழுத்துதான் அழகு என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அடியில் டிசைனர் பெயரை எழுதும் வேலையும் எனக்கே வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குள் அடக்கவேண்டும் என்றார் முதலாளி. முதல் கிளியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். கை பழகிய பழக்கம், என் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டது. அவர் பார்ப்பதற்குள் ஈரத்துணியால் துடைத்தேன். சுட்ட மண் நிறத்தைக் குடித்துவிட்டிருந்தது, முழுதாகப் போகவில்லை. உப்புத்தாளை எடுத்து, அந்த இரண்டு எழுத்தும் தெரியாமல் போகும்வரை தேய்த்தேன். தூசியை ஊதிவிட்டு, அதே இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.