மேசைக்கு அடியில் இருந்த டேப்

கிளிஃபர்டு தாக்ரே மான்செஸ்டரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் அழிக்கிற வேலை பார்த்தார். ஆமாம், அழிக்கிற வேலைதான். ஒளிபரப்பி முடிந்த டேப்புகளை இயந்திரத்தில் வைத்து வெறுமையாக்கிக் கொடுப்பார். அதன்மேல் வேறொன்றைப் பதிவார்கள். அந்தக் காலத்தில் டேப் யானை விலை. மத்தியானத்தில் பிள்ளைகள் பார்க்கிற பொம்மை நிகழ்ச்சியெல்லாம் ஒருமுறை ஓடியதோடு சரி. அதைப் போய் யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள் என்று அவரும் நினைத்தார்.

அந்த நிகழ்ச்சியில் ஒருநாள் அவருடைய மகள் ஹேசலையும் உட்காரவைத்தார்கள். ஆறு வயது. முன்பல் இல்லாத வாயோடு, துணிக்கழுதையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாட்டை மறந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஒளிபரப்பான நேரத்தில் அம்மா ஈனிட் பிஸ்கட் ஆலையில் வேலையில் இருந்தாள், பார்க்கவில்லை.

"ஒருநாள் என் ரூமுக்கு வா, மிஷின்ல போட்டுக் காட்டுறேன்," என்று மனைவியிடம் சொன்னார் கிளிஃப். அதற்காகவே அந்த டேப்பை அழிக்காமல் ஒளித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தலை வலிக்கிறது என்ற குழந்தை புதன்கிழமை இல்லை. மூளைக்காய்ச்சல்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஈனிட்டையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், டேப்பை ஓட்டிப் பார்க்கிற இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். கூட வேலை பார்க்கிற ரெக் ஓடி வந்தான்.

"வாப்பா கிளிஃப். வாம்மா. நீ வர்றப்போ வேலை மலையாக் குமிஞ்சு கிடக்கக் கூடாதுன்னு, உன் மேசைக்கு அடியில இருந்ததையெல்லாம் நானே அழிச்சு முடிச்சுட்டேன். இதைக்கூடச் செய்யலேன்னா நான் என்ன கூட்டாளி? இருங்க, டீ கொண்டாறேன்."

கிளிஃப் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். காலி. அழிக்க வேண்டியதை மேசைக்கு அடியில் அடுக்குவதுதான் அங்கே வழக்கம். காப்பாற்ற வேண்டியதற்குச் சிவப்புத் துண்டு ஒட்ட வேண்டும். ஒட்டினால் மேலே கேள்வி வரும் என்று பயந்து ஒட்டவில்லை. பாவி மனுஷன் ஒளித்தார் பாருங்கள், எங்கே!

மறுபடி பதிந்து வந்த டேப்புகளை வைக்கிற அலமாரியில் தேடி, பெட்டியில் தான் போட்ட பென்சில் கீறலைக் கண்டுபிடித்து, டேப்பை மாட்டினார். திரையில் இரண்டு குண்டு ஆசாமிகள் கட்டிப் புரண்டார்கள். கூட்டம் கத்தியது.

"இது வேற டேப்பு, கிளிஃப்."

"இதுதான்மா."

"மல்யுத்தம்ல ஓடுது?"

"மேல பதிஞ்சுட்டாங்க."

ஈனிட் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "ரெக்கா?"

"அவன்கிட்ட சொல்லிடாதே. நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சான்."

ரெக் டீயை வைத்தான். "எல்லாம் சரியா ஓடுதா?"

"ஓடுதுப்பா," என்றார் கிளிஃப்.

அவன் போனபிறகும் ஈனிட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டேன். அடியில எங்கயாவது அவ சிரிக்கிறது கேக்கும்."

வருஷக்கணக்காக அழித்த கைக்குத் தெரியாதா, அடியில் ஒன்றும் மிஞ்சாதென்று? தெரியும். ஆனாலும் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினார்.