ஆள் வராமலே வியாதி

மனநல டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்கு முதலில் புரிவது இதுதான்: நோயாளியைத் தவிர மற்ற எல்லோரும் வருவார்கள். உங்களில் யாராவது இந்த நாற்காலியில் இருந்திருந்தால் இப்போதே தலையாட்டுவீர்கள். எங்கள் கிளினிக் செம்பூரில். நோயாளி நேரில் வராமல் கேஸ் பேப்பர், அதாவது அவருடைய வியாதியை எழுதிவைக்கும் தாள், போடக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. எட்டு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்து நான் காவல் காப்பது அந்த உத்தரவைத்தான்.

கோவண்டி அண்ணன்

கோவண்டியில் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். போனை என் மேஜையில் சாய்த்து வைத்தார். அதில் அவருடைய தம்பி ஃபேனை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஃபேன் ஓடவில்லை. நாலு நாள், நாலு வீடியோ, ஒரே சிரிப்பு. தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நேர்ல வந்தாம்னா நல்லாத்தாம்மா பேசுவான், அதான் கூட்டிட்டு வரல."

அரை நிமிஷம்

குர்லா பிளாட்பாரத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை விட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டாள் என்று டிவியில் ஒரே பேச்சு. எங்கள் டாக்டரிடமும் வீடியோ காலில் கருத்துக் கேட்டார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்தப் பெண்ணைப் பார்த்தே இராதவர், அரை நிமிஷத்தில் வியாதியின் பெயரையே சொல்லிவிட்டார்; இப்படிப்பட்டவர்கள் தனக்குத்தானே பேசிக்கொள்வார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கேஸ் பேப்பர்? நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய அக்கா தாராவியிலிருந்து கூப்பிட்டாள். பெஞ்சில் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனவளாம். கூட்டம் அவளை அப்படியே பெட்டிக்குள் தள்ளிவிட்டதாம். "டாக்டர் என் தங்கச்சிய எப்பம்மா பாத்தாரு?" என்றாள். பார்க்கவில்லை என்றேன்.

"பாக்கவே இல்லியா? டாக்டரே சொல்லிட்டாருன்னு அவ புருஷன் வீட்டுல பிள்ளைய கண்ணுலயே காட்ட மாட்டேங்காவளே!"

சமையலறை ஜன்னல்

போன வாரம் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார். அதில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். முகம் ஜன்னல் கண்ணாடியில் மட்டும் தெரிகிறது. உதடுகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. அவள் போட்டிருந்த நைட்டியைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. குழந்தை தூங்கியதும், கான்வென்ட் ஸ்கூலில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை முணுமுணுப்பது என் வழக்கம். பின்னால் நின்று யாரோ எடுப்பது எனக்குத் தெரியவில்லை.

அனுப்பியவர் என் கணவர். கீழே எழுதியிருந்தார்: 'டிவியில் நீங்கள் சொன்னது போலவே இருக்கிறாள். குழந்தையை இவளிடம் விடலாமா?'

"என்ன பதில் போட்டீங்க சார்?" என்றேன். இரண்டு வருஷமாகத் தினமும் என்னைப் பார்க்கிற மனிதர், அந்த வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் போடலைம்மா… ஆனா சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், அப்ப யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

ஆக, எனக்கு என்ன வியாதி என்று இன்னும் தெரியாதவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.