வலது இறக்கைக்கு அடியில் ஆறாவது வட்டம்

முத்தியால்பேட்டையில் அமிர்தவல்லியிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கு அவள் குணம் தெரியும். கொண்டுவந்த துணியை அவர்கள் எதிரில் ஒரு முறை அளப்பாள். அவர்கள் படியிறங்கிய பிறகு இன்னொரு முறை அளப்பாள். மளிகைக்கடையில் பொட்டலத்தை அங்கேயே பிரித்து முகர்ந்து பார்ப்பாள். தூரத்தில் அவள் தலை தெரிந்தாலே கடைக்காரர் தராசைத் துடைத்து வைப்பார். முப்பத்தாறு வயதுப் பெண்ணின் நெஞ்சில் இத்தனை சந்தேகம் எப்படிக் குடியேறியது?

1954-இல் வந்த ஒரு காகிதத்தோடு குடியேறியது. அவள் கணவன் சுப்ராயன் பிரெஞ்சு விமானப்படையில் சொல்தா, அதாவது சிப்பாய். பெயர்தான் சொல்தா; அவன் கை பிடித்தது துப்பாக்கியை அல்ல, தூரிகையை. இந்தோசீனாவில் ஒரு விமானத்தளத்தில், விமானங்களின் மேல் எண்களையும் வட்டச் சின்னங்களையும் எழுதுவது அவன் வேலை. மார்ச் பதிமூன்றாம் தேதி பணியின்போது இறந்தான் என்று காகிதம் சொன்னது. உடல் வரவில்லை. பெயின்ட் டப்பாவோடு திரிந்தவன் எப்படிச் செத்தான்? கேட்ட இடங்களிலெல்லாம் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அன்றோடு அவள் யாரையும் நம்புவதை விட்டாள்.

அவளுக்கென்று மிஞ்சியது தங்கை அஞ்சலாட்சி ஒருத்திதான். அவளையும் கேட்டு ஒருவன் வந்தபோது அமிர்தவல்லியின் கண்கள் சுருங்கியதில் வியப்பென்ன?

வந்தவன் பெயர் தணிகாசலம். தவளக்குப்பத்துக்காரன். 1962 ஆகஸ்டில், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து, வீட்டுக்கு வீடு எந்த நாட்டுக் குடியுரிமை என்று பேச்சாகக் கிடந்த நாட்களில், பிரான்சின் தூலோன் பட்டணத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தான். சுப்ராயனோடு ஒரே தளத்தில் தூரிகை பிடித்ததாகச் சொன்னான். நாலாவது தடவை வந்தபோது அஞ்சலாட்சியைக் கேட்டான். அஞ்சலாட்சிக்குச் சம்மதம். அக்காவின் ஒரு சொல்லுக்காக வெற்றிலைத் தட்டு காத்திருந்தது. சொன்னால், பத்தாம் நாள் தங்கை அவனோடு கப்பல் ஏறிவிடுவாள்.

"அங்க ஒரு குடும்பம் வச்சிருப்பான்டி" என்றாள் அமிர்தவல்லி.

"நீ போயி பாத்தியா?"

"எட்டு வருஷம் கழிச்சி எதுக்கு வரான்? அப்பவே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மாமாகூட வேலை செஞ்சவன், மாமா எப்படிச் செத்தாருன்னு கேட்டா ஏன் தலையக் குனியிறான்?"

"உன்னப் பாத்தா கடைக்காரரே தலையக் குனியிறாரு. இவரு எம்மாத்திரம்?"

அமிர்தவல்லி சிரிக்கவில்லை.

அடுத்த நாள் தணிகாசலம் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டான். உள்ளே கையகலத்துக்கு ஒரு விமானம். பிரான்சில் விற்கும் ஒட்டுவேலைப் பொம்மை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பெயின்ட் அடித்து, தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி எடுக்கும் படங்களைச் சின்னங்களாக ஒட்ட வேண்டும். உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. வால் பக்கம் சின்னதாக ஓர் எண்கூட இருந்தது. சுப்ராயன் எழுதிய விமானம் இது என்று கொடுக்கும்போது சொல்லியிருந்தான்.

துணியை இரண்டு தடவை அளப்பவள் இதை விடுவாளா? ஓர் அளவுகோல் அவள் வீட்டிலேயே இருந்தது. கடைசி விடுப்பில் வந்தபோது சுப்ராயன் தன் தகரப் பெட்டியின் மூடியில் விமானச் சின்னத்தை எழுதிக் காட்டியிருந்தான். நடுவில் நீலம், அதைச் சுற்றி வெள்ளை, அப்புறம் சிவப்பு, ஓரத்தில் நூல் போல ஒரு மஞ்சள். "இந்த வரிசை மாறக் கூடாது, வல்லி. நடுவுல சிவப்பு வந்தா அது இங்கிலீஷ்காரன் விமானம்" என்று அன்றைக்குச் சொன்னான்.

அவள் பொம்மையை மூடிக்கு நேராகப் பிடித்தாள். உடலில் பக்கத்துக்கு ஒன்று, சரி. இறக்கை மேல் இரண்டு, சரி. கவிழ்த்தாள். இடது இறக்கைக்கு அடியில், சரி. வலது இறக்கைக்கு அடியில் நடுவில் சிவப்பு.

"வாடி இங்க. வந்து பாரு உன் மாப்பிள்ளை லட்சணத்த. தூரிகை புடிச்சவனாம். நம்ம வூட்டுப் பெட்டிக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியல."

அஞ்சலாட்சி பார்த்தாள். முகம் வெளுத்தது. "பொம்மை செஞ்ச கம்பெனிக்காரன் தப்பா அச்சடிச்சிருப்பான்க்கா."

இருக்கலாமே என்று அமிர்தவல்லிக்கும் பட்டது. அட்டைப் பெட்டியைத் துழாவினாள். அடியில் படத்தாள் இருந்தது. ஐந்து வட்டங்கள் எடுத்த இடம் காலி. ஆறாவது வட்டம் அப்படியே இருந்தது, நீலம் நடுவில், துளிப் பிழை இல்லாமல்.

அவள் விரல் நுனியால் இறக்கையின் அடியைத் தடவினாள். மற்ற ஐந்தும் வழவழவென்று இருந்தன. இது மட்டும் மேடாக, பெயின்டின் தடிப்போடு இருந்தது. சரியான படத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவன் தப்பான வட்டத்தைக் கையால் எழுதியிருக்கிறான். தெரியாமல் செய்ததில்லை இது.

மறுநாள் மத்தியானம் அவன் வந்தபோது பொம்மையைத் தையல் மிஷின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இது என்னா?"

தணிகாசலம் அதைப் பார்த்தான். "அது அப்படித்தான் இருந்துச்சு அண்ணி."

"யாரு எழுதுனது?"

"மத்தத கேக்காதீங்க அண்ணி. கேட்டா சொல்லிடுவேன். அதுக்குத் தைரியம் இல்லாமத்தான் இதச் செஞ்சு குடுத்தேன்."

சொல்லிவிட்டு அவன் வாசலோடு போய்விட்டான். ஜன்னலோரம் நின்ற அஞ்சலாட்சியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அமிர்தவல்லி தகரப் பெட்டியைத் திறந்தாள். எட்டு வருஷமாக அவள் தொடாத ஒன்று அதன் அடியில் கிடந்தது. சுப்ராயனின் கடைசிக் கடிதம். சாவுக் காகிதம் வந்த ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் அவன் எப்போதும் பிரெஞ்சில்தான் எழுதுவான்; ஓய்வு பெற்ற டீச்சர் மதாம் ஜாக்லின் படித்துச் சொல்வார். ஆனால் படிக்கிற நடுவில் மதாம் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் எதையோ விழுங்குகிறார் என்று அமிர்தவல்லிக்குச் சந்தேகம். கடைசி வார்த்தைகளையும் யாரோ சீனி தூவித் தருவதா? அவள் அந்த உறையைக் கிழிக்கவே இல்லை.

இப்போது எடுத்துக்கொண்டு போனாள்.

"மொதல்ல தேதி சொல்லுங்க மதாம்."

"மார்ச் பன்னண்டு."

இறப்பதற்கு முதல் நாள். "படிங்க. கண்ணாடியக் கழட்டாம படிங்க."

மதாம் ஜாக்லின் மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"புதுசா வந்திருக்கிற தணிகாசலம் நம்ம தவளக்குப்பத்து ஆளு. முன்ன மீனம்பாக்கத்துல இங்கிலீஷ்காரன் விமானத்துக்கு பெயின்ட் அடிச்ச கை. பழக்க தோஷத்துல வலது இறக்கைக்கு அடியில நடுவுல சிவப்பு போட்டுட்டான். தரையில இருக்கிற நம்ம ஆளுங்க அண்ணாந்து பாத்து, வேற யாரோன்னு சுட்டா என்னா ஆவுறது? அதிகாரி யாரு வேலைன்னு கேட்டாரு. என் வேலைன்னு சொல்லிட்டேன். எனக்குன்னா திட்டோட போவும், அவனுக்கு ஜெயிலு. அந்தப் பய அழுவுறான். விமானம் மைதானத்தோட கோடியில நிக்குது. நாளைக்குக் காலையில நான் போயி அழிச்சி எழுதணும். அந்தப் பக்கம் ரெண்டு நாளா குண்டு விழுது. பயப்படாத வல்லி."

மதாமின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கண்ணீர் அதற்குக் கீழே வழிந்தது.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள் அமிர்தவல்லி.

மதாம் மறுபடி படித்தார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. இரண்டு முறை அளந்து சரியாக வந்த பிறகுதான் அவள் அழுதாள். எட்டு வருஷத்து அழுகை. மதாம் தோளைத் தொட்டபோது கையைத் தட்டிவிடவில்லை.

மாலையில் தணிகாசலத்துக்கு ஆள் அனுப்பினாள். தூக்குமேடைக்கு வருகிறவன் போல அவன் வந்தான். கடிதம் மிஷின் மேல் விரித்துக் கிடப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நான் போறேன்னு சொன்னேன் அண்ணி. அவரு டப்பாவப் புடுங்கிக்கிட்டு போயிட்டாரு. அழிக்க ஆரம்பிச்சாரு. குண்டு விழுந்துச்சு. முடிக்கல."

"எட்டு வருஷம் ஏன் வரல?"

"என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது? வந்தப்புறம்தான் அஞ்சலாட்சியப் பாத்தேன். சொன்னா குடுக்க மாட்டீங்க. சொல்லாம தாலி கட்டினா அவரு என்ன மன்னிக்க மாட்டாரு."

அமிர்தவல்லி அவனை வெகுநேரம் பார்த்தாள். பொய்யைத் தேடிப் பழகிய கண்கள் அவன் முகம் முழுக்கத் தேடின. தேடியது அங்கே இல்லை. இவன் கை தவறாவிட்டால் அவர் இருந்திருப்பார். இவன் இந்த வட்டத்தை எழுதாவிட்டால் அவர் எப்படிப் போனார் என்று அவளுக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டையும் செய்தது ஒரே கை.

"அஞ்சலை, ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டா."

படத்தாளில் மிச்சமிருந்த வட்டத்தை ஒட்டக் கத்தரித்து அவளே தண்ணீரில் போட்டாள். "எவ்வளவு நேரம் ஊறணும்?"

"அரை நிமிஷம் அண்ணி."

"கவுத்துப் புடி. கை நடுங்கக் கூடாது."

அவன் விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்தான். ஈரத் தாளிலிருந்து வட்டத்தை விரலால் வழுக்கி, நடுவில் சிவப்பு இருந்த வட்டத்தின் மேல் நகர்த்தினாள். சுப்ராயன் முடிக்காமல் விட்ட இடத்தில் நீலம் வந்து உட்கார்ந்தது. புடவைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

பிறகு விமானத்தை வாங்கிக்கொண்டு தகரப் பெட்டியிடம் போனாள். மூடிக்கு நேராகப் பிடித்து, ஆறு வட்டங்களையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம்" என்றாள், திரும்பாமலே. "உங்க அம்மாவ வரச் சொல்லு. தூலோன் வூட்டு விலாசத்தயும் எழுதிக் குடு. மதாம விட்டு நான் ஒரு கடுதாசி போட்டு விசாரிக்கணும்."