பதினாலு ஒப்ஷன்களும் ஒரு முன்கண்ணாடியும்

"மூச்சு விடாதை" என்றார் அத்தான்.

போன வியாழக்கிழமை, விடியற்காலை ஆறு மணி. ஹைவே 401. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. காருக்குள்ளும் கிட்டத்தட்ட அதேதான். நான் முன்சீற்றில் ஒரு துவாயோடு இருந்தேன். கார் ஓட ஓட முன்கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைப்பது என் வேலை. கம்பியூட்டர் படிப்பில் இரண்டாம் வருடம் நான் — ஞாபகம் இருக்கட்டும்.

"மூச்சு விடாமல் எப்பிடி அத்தான் இருக்கிறது?"

"சரி, விடு. அங்காலை பாத்து விடு."

அந்தப் பக்கம் பார்த்து மூச்சு விட்டேன். பக்கக் கண்ணாடி வெளுத்தது. அப்படியே உறைந்தது.

இப்படி ஒரு நிலைமை எனக்கு எப்படி வந்தது? இந்தக் கிழமை அதைத்தான் எழுதப் போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா மூன்றாம் வகுப்போடு சரி. அத்தான் அந்தப் பக்கமே போகவில்லை. பதினாறு வயதில் லொறியில் ஏறியவர். ஆகவே ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக் கதவுக்குள் வரும் ஆங்கில எழுத்தெல்லாம் என் தலையில்தான். இமிகிரேஷன் கடிதம், மருந்துப் போத்தல், மைக்ரோவேவ் புத்தகம், அக்காவின் மகள் பள்ளியில் இருந்து கொண்டுவரும் துண்டுக் கடிதம்...

எட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். சுருக்குதல். இரண்டு பக்கக் கடிதத்தை மேய்ந்துவிட்டு, "ஒண்டுமில்லை, கையெழுத்து வைக்கட்டாம்" என்பேன். அவர்களும் வைப்பார்கள். ஒரு வரியில் முதற்சொல் விளங்கினால் போதும், மிச்சம் சோடனை என்று நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஓகஸ்ற் மாதம் அத்தானுக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் ஏஜென்ஸி வழியாக இன்று அங்கே நாளை இங்கே என்று அலைந்தபின் வந்த நிரந்தர வேலை. காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும். ஸ்காபரோவில் இருந்து பஸ்ஸில் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கார் வேண்டும்.

அக்கா கேட்டது நாலு கதவு உள்ள, சத்தமில்லாத ஒரு கார். அத்தான் கண்டது மில்லிக்கனில் ஒரு வீட்டு வாசலில் விற்பனை அட்டையோடு நின்ற மஞ்சள் நிற டஸ்டர்.

டஸ்டரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் அமெரிக்க இளவட்டங்களுக்காகச் செய்த கார். சின்ன உடம்பு, அதற்குள் அளவுக்கு மிஞ்சிய எஞ்சின், கைக்கடக்கமான விலை. விலை எப்படிக் கைக்குள் அடங்குகிறது? காரை வெறுமையாக வைத்துவிட்டு ஒப்ஷன் பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். பெரிய எஞ்சின் வேண்டுமா? கதவில் கறுப்புக் கோடு வேண்டுமா? றேடியோ வேண்டுமா? விருப்பமானதை எழுதிக்கொடுத்தால் தொழிற்சாலையிலேயே பூட்டித் தருவார்கள்.

அத்தான் பொனற்றைத் திறந்து எட்டு சிலிண்டரையும் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்கவில்லை.

"பின்னுக்கு ஏறுறதெண்டால் முன்சீற்றை மடிச்சுப் பூரோணும்" என்றார் அக்கா. "சீலையோடை நான் என்னெண்டு ஏறுறது?"

"நீர் முன்னுக்கு இரும்."

"அப்ப பிள்ளை?"

"பிள்ளை சீலையே உடுக்கிறாள்?"

காரின் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவருடைய தம்பி ஹவாயில் புதிதாக வாங்கிய காராம். இங்கே கொண்டுவந்த பிறகு கோடையில் மட்டும்தான் ஓடினாராம். இதை நான் தமிழில் சொன்னதும் அத்தானின் முகம் மலர்ந்தது. "பாத்தியே, எவ்வளவு பக்குவமா வைச்சிருந்திருக்கிறான்."

ஏன் கோடையில் மட்டும் என்று ஒரு கேள்வி... ஒரே ஒரு கேள்வி நான் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை.

கிழவர் பழைய தாள் ஒன்றைத் தந்தார். புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒப்ஷன் பட்டியல். "வாசி" என்றார் அத்தான். வாசித்தேன். வி-எயிற் எஞ்சின் இருக்கு. தனித்தனி முன்சீற் இருக்கு. தரையிலை கியர் இருக்கு. மடிக்கிற பின்சீற் இருக்கு. கறுப்புக் கோடு இருக்கு. ஹீற்றர் இருக்கு...

மொத்தம் பதினாலு. "பதினாலு ஒப்ஷன், அத்தான்" என்றேன். நானே செய்து பூட்டியதுபோல ஒரு பெருமை வேறு.

நவம்பரில் முதல் குளிர் வந்தது. ஹீற்றரைப் போட, முன்னால் இருந்த குமிழையெல்லாம் திருகினோம். றேடியோ பாடியது. வைப்பர் ஆடியது. சூடு வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த கராஜ் அண்ணை ஒருவர் டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"உடைஞ்சதெண்டால் திருத்தலாம் தம்பி. பூட்டாததை நான் என்னெண்டு திருத்துறது?"

வீட்டுக்கு ஓடிப்போய்த் தாளை எடுத்தேன். ஆறாவது வரி. ஹீற்றர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தது. டிலீற். அதாவது, நீக்கப்பட்டது. ஹவாயில் ஹீற்றர் எதற்கு? வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார் அந்தத் தம்பி. வேண்டாம் என்பதும் ஒரு ஒப்ஷன்.

இல்லாத ஒன்றைப் பட்டியலில் போடுவார்களா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நாங்கள் மட்டும் என்ன? கலியாண விளம்பரங்களைப் பாருங்கள். குடி இல்லை, சிகரெட் இல்லை, குடும்பப் பொறுப்பு இல்லை, செவ்வாய் தோஷம் இல்லை... இல்லாதவற்றை அடுக்கித்தானே மாப்பிள்ளையை மேலே தூக்குகிறோம்? அங்கே மட்டும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறோம்.

பழைய கார் உடைக்கும் யாட்களில் ஹீற்றர் தேடினோம், இன்னும் தேடுகிறோம். அதற்குள் ஜனவரி வந்துவிட்டது. உள்ளே நாலு பேர் மூச்சு விட்டால் கண்ணாடி பால்போல ஆகிவிடும். அத்தான் இரண்டு தரம் பிந்திப் போனார். மூன்றாம் முறை பிந்தினால் வரவே வேண்டாம் என்று சுப்பர்வைசர் சொல்லிவிட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நாள் தொடக்கம் நான் துவாயோடு காரில். அத்தான் வேலைக்கு இறங்கியதும் அங்கிருந்து பஸ் பிடித்து வகுப்புக்குப் போவேன்.

வியாழக்கிழமைக்கு வருவோம். பின்சீற்றில் சிவம் அண்ணை. மட்டக்களப்புக்காரர், அத்தானோடு வேலை செய்பவர். நல்ல மனுசர். ஒரே ஒரு குறை — கதைப்பார்.

"டிக்ஸி றோட் வரைக்கும் ஒருத்தரும் கதைக்கக் கூடாது" என்று அத்தான் கட்டளை போட்டார்.

"ஒரு விசயம் மட்டும் சொல்லட்டா?"

"இறங்கினாப் பிறகு சொல்லுங்கோ அண்ணை."

பத்து நிமிடம் மௌனம். துவாய் மட்டும் அசைந்தது. பிறகு பின்னால் இருந்து மெல்லிய குரல்.

"என்னகா இது... செத்தவீட்டுக்குப் போறவனும் இப்படிப் போகமாட்டான்."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்தேன். அத்தானுக்கும் வந்துவிட்டது. சிவம் அண்ணை தன் பகிடிக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மூன்று பேரின் சிரிப்பும் கண்ணாடியில் போய் ஒட்டியது. நான் துடைத்து முடிப்பதற்குள் இறங்கவேண்டிய டிக்ஸி றோட் எக்ஸிற் பின்னால் போய்விட்டது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அத்தான் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டியபடி ஓடினார். சுற்றி வந்து சேர்ந்தபோது ஏழு பத்து.

சுப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். அத்தான் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு." நான் காரைப் பற்றியும் அந்த ஒப்ஷன் தாளைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டார். பிறகு அவர் நிறையச் சொன்னார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அத்தான், பிந்தி வரவேண்டாமாம்..."

"முழுக்கச் சொல்லு."

முழுக்கச் சொன்னேன். "இது மூண்டாம் முறையாம். சொன்னபடி நிப்பாட்டப் போறாராம். ஹீற்றர் இல்லாத காரை வாசிச்சுப் பாத்து வாங்கச் சொன்ன மடையன் ஆர் எண்டு கேக்கிறார்."

அத்தானின் புருவம் இரண்டும் பனியில் வெள்ளையாகியிருந்தன. என்னைத் திரும்பியும் பார்க்காமல் தானே ஆங்கிலத்தில் சொன்னார்: "மை கார், பொஸ். மை மிஸ்ரேக்."

சுப்பர்வைசர் காருக்குள் கையை விட்டுப் பார்த்தார். அத்தானின் புருவத்தைப் பார்த்தார். எதையோ முணுமுணுத்தார். ஸ்காபரோவில் இருந்து வான் ஒன்று ஃபோர்க்லிஃப்ட் ஆட்களை ஏற்றி வருகிறதாம். நாளை முதல் அதில் வரவேண்டுமாம். இந்தக் காரை இனிப் பனிக்காலத்தில் இங்கே கண்டால் வேலை இல்லையாம். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

சிவம் அண்ணை முன்னால் உள்ளே போய்விட்டார். அத்தானின் கையைப் பிடித்து, "ஏன் அத்தான் உங்கடை பிழை எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு முன்னாலை உன்னை விட்டுக்குடுக்கேலுமே? பின்னேரம் வீட்டை வா. உன்ரை அக்காவும் நானும் சேர்ந்து உன்னை ஏசுறம்."

ஏசினார்கள். ஜனவரி மாதத்தில் எனக்கு வியர்த்தது.