நேசன் அண்ணைக்கு வராத நம்பர் பிளேட்

நேசன் அண்ணை போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்...

செய்தியே எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரின் முகநூல் பதிவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். "என் ஆருயிர் நண்பன்" என்று போட்டு, கீழே ஒரு போட்டோ. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைவர். நேசன் அண்ணையின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

ஆருயிர் நண்பனாம். வெட்கமாக இல்லையா?

அந்தக் கார் யாருடையது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் அண்ணையும் நானும் பதினொரு வருஷம் ஒரே லைனில் பெட்டி கட்டினோம். பியர்பொன்ட்ஸில் உள்ள வீட்டுக் கராஜில் அவர் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிய கார் அது. 1957இல் வந்த பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றின் நகல். பாகங்கள் பெட்டிகளில் வந்தன, எஞ்சின் மட்டும் விபத்தில் அடிபட்ட ஒரு காரிலிருந்து கழற்றியது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேறு கதையே இருக்காது. "பிள்ளை, நேற்று பிரேக் பிடிச்சிட்டுது!" என்பார், வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி.

ஆசை ஒன்றே ஒன்றுதான். நம்பர் பிளேட் பூட்டி, ஒரு நாள் அந்தக் காரில் வேலைக்கு வந்து, மனேஜரின் காருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

காரைப் பதியும் படிவம் பிரெஞ்சில். நம் ஆட்களுக்குப் படிவம் என்றால் தலைவர்தானே... அகதியாக வந்த காலத்தில் பாதிப் பேருக்கு வயதைக் கூட்டியும் குறைத்தும் புதுப் பிறந்த திகதி கொடுத்த கை. நேசன் அண்ணைக்கு மூன்று வயது குறைத்ததும் அதே கை.

காருக்கும் அதையே செய்தார். செய்த வருஷம் என்ற இடத்தில் 1957 என்று எழுதினார்.

"தலைவர், நான் போன மாசம்தானே பூட்டி முடிச்சனான்?" என்று அண்ணை தயங்கினார்.

"நீர் சும்மா இரும் ஐசே. பழைய கார் எண்டால் பெரிசா நோண்டமாட்டாங்கள். எனக்குத் தெரியாத ஃபோர்மே?"

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

காரைப் பரிசோதித்த பெண் அதிகாரிக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. "மெசியூ, இது 1957 இல்லையே" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். வீட்டில் செய்த கார் என்று உண்மையை எழுதியிருந்தால் அதற்கென்று தனி வழி இருக்கிறதாம். பொய் எழுதியதால் இனி ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது, கடிதம், விளக்கம்...

அதற்குப் பிறகு தலைவர், நேசன் அண்ணையின் போனை எடுக்கவில்லை. சங்க விழாவில் நான் மறித்துக் கேட்டேன். "அந்தாள் வடிவாச் சொல்லேல்லை, நான் என்ன செய்ய?" என்றார். பத்து நிமிடத்தில் மேடையேறி "நம்மவர் சாதனை" என்று அதே போட்டோவைக் காட்டினார். சீ.

மூன்று வின்டர் போனது. அண்ணை டிரைவ்வேயில் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினார், டயரைத் தெருவில் பட விடவில்லை. கடைசி ரசீதைப் போன மாதம்தான் அனுப்பினார்.

இப்போது மரண அறிவித்தலையும் தலைவர்தான் எழுதியிருக்கிறார். வயது அறுபத்தொன்று என்று.

அறுபத்து நாலு ஐயா. இதையாவது திருத்துங்கள்.

நேசன் அண்ணை, அண்டைக்கு வாய் திறக்காமல் இருந்ததுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. போயிட்டு வாங்கோ.

கார் கராஜிலதான் நிக்குது... றோட்டைப் பாத்தபடி.