பதினான்கு சிவப்புப் புள்ளிகள்

நெயில் பாலிஷ் பூசிக்கொண்டு என் கடைக்கு வந்த முதல் செட், வைத்தியநாதன் சாருடைய வால்வு ரேடியோகிராம்தான்; ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே பெட்டியில். எண்பதுகளின் கடைசி. தாம்பரம் மேற்கில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் எனக்கு ஆடியோ ரிப்பேர் கடை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பதினான்கு கண்டென்சர்களிலும் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி.

"என் பொண்ணோட நெயில் பாலிஷ்," என்றார் சார். சேலையூரில் வீடு, கணக்கு அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். "போன மெக்கானிக் நல்ல வால்வைக் கழட்டிக்கிட்டு மட்டமானதைப் போட்டுட்டான். அதான் இந்தத் தடவை எல்லாத்துலயும் புள்ளி வச்சிருக்கேன். வந்தது அப்படியே திரும்பிப் போகணும்."

செட்டைப் போட்டால் பாட்டு வரவில்லை, 'கொர்ர்' என்று ஹம்தான் வந்தது. பொறுமையாக விளக்கினேன்.

"சார், இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. கண்டென்சருக்குள்ள பேப்பர் ஈரம் வாங்கியிருக்கும், பெரிய டப்பாவுல ரசாயனம் காஞ்சிருக்கும். மாத்தாம இந்தச் சத்தம் போகாது."

"எனக்குக்கூடத்தான் அறுபது ஆச்சு. என்னை மாத்திட்டாங்களா?"

ஆபீஸில் மாற்றிவிட்டார்களே சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

முடியாது என்று அப்போதே செட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. புதுக் கண்டென்சர்கள் பழையவற்றில் கால்வாசி சைஸ்தான் இருக்கும். பழைய குழல்களுக்குச் சூடு காட்டி, மெழுகை இளக்கி, உள்ளே இருந்த சுருளை உருவி எறிந்தேன். வெறும் கூட்டுக்குள் புதுசை வைத்து, மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி வாயை அடைத்தேன். அலுமினிய டப்பாவை மட்டும் அடியில் அறுத்து ஒட்ட வேண்டியிருந்தது. பதினான்கும் முடிய ஒரு வாரம் ஆனது. ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

டெலிவரி அன்று சார் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். பதினான்கு. பிறகு செட்டைப் போட்டார். ஹம் போன இடம் தெரியவில்லை.

"பார்த்தீங்களா? மாத்தணும் மாத்தணும்னு குதிச்சீங்களே!"

"ஆமா சார். க்ளீன் பண்ணதுலயே சரியாயிடுச்சு," என்றேன். மாற்றாத சாமானுக்கு பில் போட முடியுமா? அதுவும் என் தலையில்தான்.

சார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆறே மாதத்தில் குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை 'ஒரு பார்ட்கூட மாத்தாம ரிப்பேர் பண்றவர்' என்று எனக்குப் பேர். அதற்குப் பிறகு கண்டென்சர் என்று நான் வாயைத் திறந்தாலே ஜனங்கள் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஏழுமலை அப்படித்தான் வந்தான். பம்மலில் மைக் செட் வாடகைக்கு விடுபவன். மூன்று வருஷம் மூலையில் கிடந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பவர் சப்ளையில் இருந்த பெரிய ஃபில்டர் கண்டென்சர் தலை உப்பிப்போய் இருந்தது.

"இத மாத்தாம கரென்ட் குடுக்காதடா. வெடிச்சிடும்."

"இன்னா அண்ணா, ஆளுக்கு ஒரு சட்டமா? ஆபீசர் வூட்டு செட்டு இருபத்தஞ்சு வருசமா அதே கண்டென்சர்ல பாடிகினு கீது. என்னுது மட்டும் வெடிச்சிடுமா?"

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் அவன் சாரிடம் சொல்வான், சார் ஊருக்கே சொல்வார், என் பேர் நாறிவிடும். "அது வேற செட்டுடா," என்று மழுப்பினேன்.

"போ அண்ணா, பேஜார் பண்ணாத," என்று செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து விசேஷத்தில் அது வெடித்தது. குழந்தை அலறுவதற்கு முன்னால் மைக் செட் அலறிவிட்டது என்று அங்கே சிரித்தார்களாம். ஏழுமலையின் வலது கையிலும் கன்னத்திலும் கொதிக்கிற ரசாயனம் தெறித்திருந்தது. கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்ததும், அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை விட்டதும் கட்டுப் போட்ட கையோடு நேராக சேலையூருக்குக் கூட்டிப்போனேன். இருவர் முன்னாலும் ரேடியோகிராமைத் திறந்து, ஒரு குழலின் மெழுகைச் சுரண்டி, உள்ளே இருந்த சின்ன மஞ்சள் கண்டென்சரைக் காட்டினேன்.

"பதினாலும் இப்படித்தான் சார். உங்ககிட்டயும் பொய், இவன்கிட்டயும் பொய்."

சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "புள்ளி என்னுது. உள்ளே இருக்கறது யாருது?"

"நான் வச்சது சார்."

"அப்போ என்னோடது எங்கே?"

"குப்பையில போட்டுட்டேன்."

"போன மெக்கானிக் மட்டமானதை வச்சுட்டு நல்லதைத் திருடினான். நீங்க நல்லதை வச்சுட்டு, வீணாப்போனதைத் திருடியிருக்கீங்க. இதுக்கு என்ன பேரு வைக்கிறது?"

பின்மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏழுமலை என்னை விட்டுத் தள்ளி முன்சீட்டில் போய் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் ஆம்ப்ளிஃபையரோடு வந்தான். "மாத்து அண்ணா. என் கண்ணு முன்னாடி மாத்து," என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். எட்டு கண்டென்சர்களையும் கழற்றி ஒவ்வொன்றாக அவன் மடியில் வைத்தேன். புதுசைக் கையில் எடுத்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தான். அவன் மனைவியுடையது.

"புதுசுக்கு எதுக்குடா புள்ளி?"

"பழசுக்குள்ள புதுசு வச்ச ஆளு நீ. நாளைக்கு புதுசுக்குள்ள பழச வைக்கமாட்டன்னு இன்னா கேரண்டி?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தான். கட்டுப் போட்ட விரல்கள் மடங்கவில்லை. என்னிடம் நீட்டினான்.

"கை எரியுது அண்ணா. நீயே வையி."

வைத்தேன். என்னைச் சந்தேகப்பட்டு வைக்கிற புள்ளியை, என் கையாலேயே, எட்டுக்கும். அன்றிலிருந்து, கழற்றிய சாமானைச் சொந்தக்காரர் கையில் கொடுக்காமல் நான் எந்தச் செட்டையும் மூடியதில்லை. வேண்டாம் என்றாலும் கொடுத்துவிடுவேன்.