இருபத்தைந்தாவது சீட்டு

மில் வராந்தாவில் நரசிம்மலு ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, பழனியாத்தாள் தன் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

டைம்கீப்பரான அவர்தான் மில் புட்பால் கிளப்புக்குக் காரியதரிசி. 1937ஆம் வருஷம் கிளப் முதல் தடவையாகக் கோயம்புத்தூரில் இறுதி ஆட்டம் ஆடவிருந்தது. மில்லுக்கு வந்ததோ இருபத்தைந்து சீட்டுகள். முந்தைய ஆறு ஆட்டத்துக்கும் தவறாமல் வந்தவர்களுக்கே சீட்டு என்று அவர் சொல்லியிருந்தார். நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த பழனியாத்தாள் ஆறுக்கும் போயிருந்தாள். சூலூருக்கு வெயிலில் நடந்தே போனாள்.

கடைசிப் பெயர் அவளுடைய மேஸ்திரி கந்தப்பனுடையது. சீட்டைக் கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு வந்தவர்கள் பெயரை எழுதும் நோட்டை நரசிம்மலு மூடினார்.

“ஏனுங்க, எம்பேரு?”

“பொம்பளைங்க பேர நோட்டுல எழுதறதில்லீங்க, அம்மணி.”

“தவறாம வந்தவங்களுக்குன்னுதானுங்க சொன்னீங்க. மதுக்கரையில நம்ம கோல்கீப்பருக்குக் கை கிழிஞ்சப்ப, எம்முந்தானையக் கிழிச்சு யார் கையிலீங்க குடுத்தேன்?”

வாங்கிக் கட்டுப் போட்டவர் நரசிம்மலுதான். “நீங்க வந்தது வாஸ்தவந்தான். சீட்டு தீந்துபோச்சுங்களே.”

பழனியாத்தாள் நகரவில்லை. அவளுக்கு ஒன்று தெரியும். சொன்னால் வேலையே போகலாம். வீட்டில் அவள் கூலியை நம்பி இரண்டு பிள்ளைகள். ஆனாலும் சொன்னாள்.

“மதுக்கரைக்கு மேஸ்திரி வரலீங்க.”

வராந்தாவில் நின்றவர்கள் கந்தப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏம்புள்ள, நாக்கு நீளுது,” என்றார் கந்தப்பன். குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அந்த ஞாயித்துக்கெழம நீங்க ஆனைமலைக் கோயிலுக்குப் போயிருந்தீங்க. மறுநாள் எங்களுக்கெல்லாம் மாசாணியம்மன் குங்குமம் குடுத்தீங்களே.”

அவளோடு வேலை செய்யும் நஞ்சம்மாள் பின்னாலிருந்து முனகினாள். “எனக்குங் குடுத்தாருங்க.”

நரசிம்மலு நோட்டைத் திறந்தார். மதுக்கரை ஆட்டத்துக்கு நேரே கந்தப்பனின் பெயர் வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்தது. நரசிம்மலுவின் முகம் போன போக்கில், அது அவருக்கு முன்பே தெரியும் என்று பழனியாத்தாளுக்குப் புரிந்தது. அவர் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தார்.

கந்தப்பன் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பழனியாத்தாள் அந்தச் சீட்டோடு போய், மைதானத்தின் கயிற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாள். மில் ஒரு கோலில் தோற்றது. கத்திக் கத்தியே அவளுக்குக் குரல் கட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை கந்தப்பன் அவளை மிஷினிலிருந்து எடுத்துக் கழிவுப் பஞ்சு கூட்டப் போட்டார். நாள் முழுக்கத் தூசி, இருமல்.

“ஒரு ஆட்டத்துக்கு ஆசப்பட்டு இப்பிடி ஆயிப்போச்சே கண்ணு,” என்றாள் நஞ்சம்மாள்.

“ஆசப்பட்டுக் கேக்கலீங்க அக்கா. எனக்கு வரவேண்டியதத்தான் கேட்டேன்.”

நாலு மாதம் கூட்டினாள். பிறகு ஆள் பற்றாமல் போனபோதுதான் அவளை மறுபடி மிஷினுக்குக் கூப்பிட்டார்கள்.